உன் கல்யாண வண்டியில் வேக்குவம் ஏன் குறைந்தது

அருள்,

நேற்று நீ போனில் கடைசியாகக் கேட்டது இரண்டே கேள்வி. கல்யாணத்துக்கு வருவீர்களா, வண்டியைக் கொண்டு வருவீர்களா என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். பதில் இல்லாமல் இல்லை. போனில் ஆரம்பித்தால் நான் கத்துவேன், நீ குறுக்கே பேசுவாய், உன் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கிசுகிசுப்பாள், கடைசியில் யார் என்ன சொன்னோம் என்பதே மறந்துபோகும். எழுதினால் நடுவில் யாரும் பேச முடியாது. இதை உறையில் போட்டு ஒட்டப்போவதில்லை. ரெஜினாவும் படிக்கட்டும். உன் மனைவியாகப் போகிற பெண். இந்த வீட்டில் யார் யாரோடு எதற்காகப் பேசுவதில்லை என்பது கழுத்தில் தாலி ஏறும் முன்பே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கோயிலில் உங்கள் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெளியே வந்ததும் என் தோளில் கைபோட்டுச் சொன்னாய்: "அப்பா, கோயில்லேர்ந்து ஹாலுக்கு நம்ம அம்பாசிடர்லதான் போறோம். வாடகை கார் எல்லாம் வேணாம். நீங்கதான் ஓட்டணும்." எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரிந்திருக்காது. நான் காட்டிக்கொள்ளவில்லை. பேட்டரி பார்க்கணும் என்று மட்டும் சொன்னேன். அந்த வண்டியை விற்கச் சொல்லாத உறவினர் இல்லை. உன் அம்மாவின் அண்ணன் ஒரு கிறிஸ்துமஸ் சாப்பாட்டில் எல்லோர் முன்னாலும், "மச்சான், அந்தத் தகர டப்பாவ எப்பத்தான் எடைக்குப் போடப்போறீரு?" என்று கேட்டதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. அந்த வண்டியில்தான் உன்னை ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அதே வண்டியில் நீயும் உன் மனைவியும் பின்சீட்டில் உட்கார்ந்து வரப்போகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேதான் மறுநாள் காலை அதை வெளியே எடுத்தேன்.

ஒரகடம் சந்திப்பில் சிக்னலுக்கு நின்றபோது இன்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துவிட்டது. முன்னால் கன்டெய்னர் லாரி, பக்கத்தில் இன்னொரு கன்டெய்னர் லாரி, பின்னால் ஷிஃப்டுக்குப் போகிற கம்பெனி பஸ். செல்ஃப் அடித்தால் பிடிக்கிறது. காலை எடுத்தால் அணைகிறது. பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யோவ் பெருசு, தள்ளிக்கினு போய்யா! மியூசியத்துல வெக்கவேண்டிய வண்டிய ரோட்ல இட்டாந்துக்கீற!" என்று கத்தினான். பஸ்ஸில் இருந்த பையன்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். நான் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்காமல், இன்ஜினை உறுமவிட்டபடியே வீடுவரைக்கும் வந்தேன். கல்யாண வண்டி கோயில் வாசலில் மாலையோடு அணைந்து நின்றால் எப்படி இருக்கும் என்பதுதான் வழியெல்லாம் என் கவலை. அன்றைக்கு என் கவலை அவ்வளவு சின்னதாக இருந்தது.

நீ படித்தவன், உனக்கு விளக்க வேண்டியதில்லை, ரெஜினாவுக்காகச் சொல்கிறேன். பெட்ரோல் இன்ஜின் காற்றை உறிஞ்சித்தான் ஓடுகிறது. ஆக்ஸிலேட்டரை மிதிக்காதபோது காற்று போகும் வழி கிட்டத்தட்ட மூடியிருக்கும், ஆனால் இன்ஜின் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அப்போது உள்ளே உண்டாகிற வெறுமைதான் வேக்குவம். ஸ்ட்ராவை விரலால் மூடிக்கொண்டு உறிஞ்சிப் பார்த்தால் தெரியும். கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருக்கிற மேனிஃபோல்டு என்ற குழாய் வார்ப்பில் ஒரு திருகைக் கழற்றிவிட்டு, கேஜ் என்கிற முள் வைத்த அளவுமானியை மாட்டினால் அந்த உறிஞ்சலை எண்ணாகக் காட்டும். நல்ல இன்ஜின் பதினெட்டு, பத்தொன்பதில் முள் அசையாமல் நிற்கும். நம் வண்டியில் பன்னிரண்டில் நின்றது. முள் துடிக்கவில்லை, ஆடவில்லை. அது பாட்டுக்குப் பன்னிரண்டில், எதுவுமே நடக்காத மாதிரி நின்றது.

முதலில் கேஜைத்தான் சந்தேகப்பட்டேன். தரக் கட்டுப்பாட்டில் காலத்தைக் கழித்தவனுக்கு அதுதான் வரும். பக்கத்து வீட்டுப் பழைய பெட்ரோல் வேனில் மாட்டிப் பார்த்தேன். அதில் பத்தொன்பது காட்டியது. கேஜ் ஒழுங்கு, இன்ஜின்தான் ஒழுங்கில்லை. அதற்குள் சத்தம் கேட்டு மெக்கானிக் நூர் பாய் தெருமுனையிலிருந்து வந்துவிட்டார். பானெட்டுக்குள் தலையை விட்டு, மூக்கை உறிஞ்சி, நாடி பார்க்கிற வைத்தியர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"ரிங்கு பூட்ச்சு சார். இன்ஜின இறக்கிடலாம்."

"கேஜைப் பார்த்துமா சொல்றீங்க?"

"அத இன்னாத்துக்குப் பாக்கணும்? இதுக்கு வயசாயிடுச்சு சார். நமக்கே மாடி ஏறுனா மூச்சு வாங்குது. இதுக்கு வாங்காதா?"

"ரிங் போனா இப்படிக் காட்டாது பாய். பாருங்க." ஆக்ஸிலேட்டரை வேகமாகத் திறந்து டக்கென்று விட்டேன். முள் தரைக்கு விழுந்து, இருபத்திரண்டு வரைக்கும் எகிறி, மறுபடி பன்னிரண்டுக்கு வந்து நின்றது. பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங் தேய்ந்திருந்தால் அப்படி எகிறாது. வால்வு கருகியிருந்தால் முள் ஒரே தாளத்தில் விட்டுவிட்டுத் துள்ளும். அதுவும் இல்லை.

நூர் பாய் கொஞ்சம் ஏமாந்துபோனார். "படிச்சவங்ககிட்ட தொழில் பண்றது பேஜாரு சார்" என்று சொல்லிவிட்டு டீ வாங்கிவரச் சொன்னார். எனக்கும் சேர்த்து என்னையே.

அடுத்தது டைமிங். தீப்பொறி தாமதமாக விழுந்தாலும் முள் இப்படித்தான் சாதுவாகக் கீழே நிற்கும். பொறியின் நேரத்தை வைக்கிற டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பிப் பார்த்தேன். ஒரு புள்ளி ஏறியது, அதற்கு மேல் இன்ஜின் தட்ட ஆரம்பித்தது. லைட் அடித்துக் குறியைப் பார்த்தேன். குறி இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அப்படியானால் மீதி ஒன்றுதான். எங்கேயோ ஒரு சந்தில் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. எல்லா ரப்பர் குழாயையும் விரலால் அழுத்திப் பார்த்தேன். கார்புரேட்டர் அடியில் பார்த்தேன். கடைசியில் உன் அம்மா இஸ்திரி போடும்போது தெளிக்கிற தண்ணீர் பாட்டிலை எடுத்துவந்து, மேனிஃபோல்டு இன்ஜினோடு சேருகிற விளிம்பில் கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்சினேன். முன்பக்கத்து வாய் அருகில் தண்ணீர் பட்டதும் இன்ஜின் சத்தம் மாறியது. முள் பதினைந்துக்கு ஏறியது. தண்ணீர் காய்ந்ததும் இறங்கியது. மறுபடி பீய்ச்சினேன், மறுபடி ஏறியது. இடம் தெரிந்துவிட்டது. எனக்கு அப்போது என்ன பெருமை! நூர் பாயைப் பார்த்துச் சிரித்தேன். வேலையை விட்டு அனுப்பப்பட்ட பிறகு என் வாழ்க்கையில் நான் சரி என்று நிரூபணமான தருணங்கள் அதிகம் இல்லை.

அந்த இடம் கார்புரேட்டருக்கு அடியில் இருக்கிறது, நேராகப் பார்க்க முடியாது. அம்மாவின் முகம் பார்க்கும் கண்ணாடியை வாங்கி, டார்ச் அடித்து, தலைகீழாகப் பார்த்தேன். பக்கத்தில் இருக்கிற, புகை வெளியே போகிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு புதிது. அது எனக்குத் தெரியும். நான் தூத்துக்குடியில் உன் அத்தை வீட்டில் இருந்தபோது, பழையதில் விரிசல் விட்டுச் சத்தம் போடுகிறது என்று நூர் பாயிடம் கொடுத்து மாற்றிவிட்டதாக நீதான் சொன்னாய். கேட்டுச் சந்தோஷப்பட்டேன். நட்டுகளைப் பார்த்தேன். ஒவ்வொரு நட்டின் மேலும் வெளிர்நீலத்தில் ஒரு பெயின்ட் கோடு. கோடு நட்டிலிருந்து இறங்கி, அடியில் இருக்கும் வார்ப்பு வரைக்கும் போய், முடிகிற இடத்தில் தூண்டில் முள் மாதிரி சின்னதாக வளைந்திருந்தது.

ரெஜினா, உங்கள் வீட்டில் யாரும் லைனில் வேலை செய்தவர்கள் இல்லை என்று அருள் சொன்னான். இந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஒரு நட்டைச் சரியான இறுக்கத்துக்கு முடுக்கியதும், முடுக்கியவன் அதன் மேல் பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு போடுவான். கோடு இருந்தால் வேலை முடிந்தது என்று பொருள். அடுத்து வருகிறவன் அதைத் தொடவேண்டியதில்லை; தொடவும் கூடாது. கோட்டை நம்பித்தான் லைன் ஓடுகிறது. எல்லோரும் நேர்க்கோடுதான் போடுவார்கள். நுனியை வளைக்கிறவன் ஒருவன்தான். நானும் அவனும் இருபது சொச்சம் வயதில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரே அறையில் பாய் போட்டுப் படுத்த காலத்திலிருந்து அந்த வளைவு எனக்குத் தெரியும். "எதுக்குவே இந்த வால்?" என்று கேட்டால், "நம்ம கை பட்டதுன்னு நமக்குத் தெரிய வேண்டாமாவே?" என்பான். அவன் கையெழுத்தைவிட எனக்கு அந்த வால் பழக்கம்.

செல்வராஜ். நீ சின்ன வயதில் செல்வராஜ் மாமா என்று கூப்பிட்ட செல்வராஜ்.

கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு நூர் பாயிடம் கேட்டேன். "பாய், இந்த எக்ஸாஸ்ட் மாத்தினது நீங்கதானே?"

"நானா? இன்னா சார் சொல்றீங்க? அல்லா மேல ஆணையா இந்த வண்டிய நான் இந்த வருசம் தொடவே இல்ல."

"அருள் உங்ககிட்ட கொடுத்ததா சொன்னான்."

நூர் பாய் கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "அது உங்க வூட்டு விசயம் சார். என்னிய உள்ள இழுக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வந்த வழியே போனார். ஜன்னலில் உன் அம்மா நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும், அவளிடம் கேட்கவேண்டியது எதுவும் பாக்கி இல்லை என்று புரிந்தது. இருந்தாலும் கேட்டேன். "அருள்தான் இப்போ சொல்லவேண்டாம்னான்" என்றாள். "கல்யாணம் முடியட்டும், நானே பக்குவமாச் சொல்லுதேன்னான்." பிறகு, "நீங்க இப்படி நிப்பியன்னுதான் சொல்லல" என்றாள். நான் எப்படி நின்றேன் என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம்தான் உன்னைக் கூப்பிட்டேன். நீ எதையும் மறுக்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். முன்பு வேலை செய்த மறைமலை நகர் கம்பெனியை விட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, வாலாஜாபாத் ரோட்டில் செல்வராஜ் சொந்தமாக ஆரம்பித்த யூனிட்டில்தான் இருக்கிறேன் என்றாய். வண்டி சத்தம் போடுவதைப் பற்றி ஏதோ பேச்சில் சொன்னதும் அவனே, "கொண்டு வாடே, நம்ம ஷெட்டுலயே பாத்துருவோம்" என்றான் என்றாய். "ஒவ்வொரு நட்டையும் மாமா தன் கையாலதான் முடுக்கினாருப்பா. பக்கத்துல ஒருத்தரயும் விடல. முடிச்சதும் கொஞ்ச நேரம் வண்டிக்குள்ளயே உக்காந்திருந்தாரு" என்றாய். அதைக் கேட்டு என் மனம் இளகும் என்று நினைத்தாய் போலிருக்கிறது. என் வண்டிக்குள் அவன் உட்கார்ந்திருந்தான் என்பதுதான் எனக்குக் கேட்டது. பிறகு கடைசியாக, நிறுத்தி நிறுத்தி, "கோயில்ல சாட்சிக் கையெழுத்து மாமா போடட்டும்னு நெனச்சிருக்கேன்பா" என்றாய். அதோடு, வருவீர்களா, வண்டியைக் கொண்டு வருவீர்களா என்றும் கேட்டாய்.

நீ அப்போது எட்டாவதோ ஒன்பதாவதோ படித்தாய். வீட்டில் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும், ஆனால் தொழிற்சாலையில் நடந்ததை நான் முழுதாகச் சொன்னதில்லை. ஒரு லாட் வார்ப்பில் மயிரிழை விரிசல் கண்டுபிடித்து நான் சிவப்புச் சீட்டுக் கட்டி நிறுத்தியிருந்தேன். செல்வராஜ் உற்பத்திக்குத் தலைவன், நான் தரத்துக்கு. அவன் போன் செய்தான். "வே, நம்ம வார்ப்ப வாங்குற கம்பெனில லைன் நிக்கப்போவுது. நம்ம கழுத்துல கத்தி. ஒரு வழி சொல்லும்" என்றான். நான் சொன்னேன்: "ஒவ்வொண்ணா சோதிச்சு, நல்லதை மட்டும் அனுப்பும்." அவன் மொத்தத்தையும் அனுப்பினான். சோதிக்க ஆளும் இல்லை, நேரமும் இல்லை என்று பிறகு சொன்னானாம். அங்கே போய் எல்லாம் திரும்பி வந்தது. விசாரணையில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். அனுப்பச் சொன்னது யார் என்று கேட்டார்கள். "சார்தான் போன்ல அனுப்பச் சொன்னாரு" என்றான். வாழ்நாளெல்லாம் என்னை வே என்று கூப்பிட்டவன் அன்றைக்கு சார் என்றான். என்னிடம் கேட்டார்கள்: போனில் அனுப்பச் சொன்னீர்களா, இல்லையா? சொன்னேன். ஆனால், என்று ஆரம்பித்தேன். ஆனால் என்பதற்குப் பிறகு சொல்வதை அந்த மாதிரி அறைகளில் யாரும் காதில் வாங்குவதில்லை. செல்வராஜ் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். மீதிப் பாதியை அவன் ஒரு தடவை சொல்லியிருந்தால் போதும்.

அதற்குப் பிறகு அவன் நம் வீட்டுக்கு வரவில்லை. என் நாற்காலிக்கும் சேர்த்து அவனைத் தலைவனாக்கியபோது டிரைவரிடம் ஒரு ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தனுப்பினான். அதை அப்படியே பக்கத்து வீட்டில் கொடுக்கச் சொல்லி உன்னிடம் தந்தேன். நீ திரும்பி வந்தபோது வாயோரத்தில் ஒரு பூந்தி ஒட்டியிருந்தது. அன்றைக்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைதானே என்று விட்டேன். இப்போது எழுதும்போது அதுவும் நினைவுக்கு வருகிறது. என் மனசு அப்படி, எதையும் வெளியே போடாது. அதற்குப் பிறகு நான் சின்னச் சின்னப் பட்டறைகளுக்குத் தணிக்கைக்குத் தயார் செய்து கொடுக்கிற ஆளாக, இருபத்தைந்து வயதுப் பையன்கள் "அங்கிள், இதுல ஒரு சைன்" என்று கூப்பிடுகிற ஆளாக இந்த ரோட்டில் மேலும் கீழும் பஸ்ஸில் போய்வந்தேன். கம்பெனி வாசலில் என்னைத் தெரிந்த செக்யூரிட்டி வேறு பக்கம் பார்ப்பார். நீ அதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன். பார்க்காதவன் போய் அவனிடம் சேர்ந்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

"அவர் இன்னைக்கு வரைக்கும் உங்களப் பத்தி ஒரு வார்த்த தப்பாப் பேசினதில்லப்பா" என்று போனில் சொன்னாய். அவன் எதற்காகப் பேசப்போகிறான்? பேசாமல் இருப்பதுதான் அவன் தொழில். பேசவேண்டிய ஒரு நாளில் பேசாமல் இருந்துதான் அவன் இவ்வளவு தூரம் வந்தான். "உங்ககிட்ட சொன்னா என்ன நடக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றும் கேட்டாய். தெரியும். கத்தியிருப்பேன். தட்டைத் தள்ளியிருப்பேன். ரெண்டு மாதம் பேசாமல் இருந்திருப்பேன். என் குணம் அது, மறுக்கவில்லை. ஆனால் அந்த ரெண்டு மாதத்துக்குப் பிறகு எனக்கு ஒரு மகன் இருந்திருப்பான்.

உன்னிடம் பேசி முடித்த பிறகு நான் வண்டிக்கே திரும்பப் போனேன். காரணம் தெரியாமல் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. இறுக்கத்தை அளக்கிற டார்க் ரெஞ்சை எடுத்து ஒவ்வொரு நட்டாக வைத்துப் பார்த்தேன். ஏதாவது ஒன்று லூசாக இருக்கும், கோட்டை மட்டும் போட்டுவிட்டு முடுக்காமல் விட்டிருப்பான் என்று எதிர்பார்த்தேன். உண்மையைச் சொன்னால், அப்படி இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். இல்லை. எல்லா நட்டும் இருக்கவேண்டிய இறுக்கத்தில் இருந்தது. அவன் போட்ட கோட்டில் பொய் இல்லை. பிறகு இடைவெளி பார்க்கிற ஃபீலர் தகட்டை எடுத்து வாஷருக்கு அடியில் விட்டுப் பார்த்தேன், உள்ளே போனது. அப்போதுதான் புரிந்தது. இந்தப் பழைய இன்ஜினில் காற்று உள்ளே போகிற மேனிஃபோல்டும் புகை வெளியே போகிற மேனிஃபோல்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்; நடுவில் ஒரே நட்டு, ஒரே பெரிய வாஷர், இரண்டின் விளிம்பையும் சேர்த்து அமுக்கும். விளிம்புகள் இரண்டும் ஒரே கனம் இருந்தால்தான் அமுக்கம் இரண்டுக்கும் போகும். புதிதாகப் போட்ட எக்ஸாஸ்டின் விளிம்பு ஒரு விசிட்டிங் கார்டு அளவுக்குக் கனம் கூடுதல். வாஷர் அதன் மேல் மட்டும் உட்கார்ந்து, சாய்ந்து, இந்தப் பக்கத்தைச் சும்மா விட்டுவிட்டது. நட்டை எவ்வளவு முடுக்கினாலும் இந்தப் பக்கம் இறுகாது. ரெஞ்சு சரி என்றுதான் சொல்லும்.

இன்றைய லைனில் ஒரு நட்டு ஒரு பொருளைத்தான் பிடிக்கும். இறுக்கம் வந்ததா, கோடு போட்டாயா, அடுத்ததுக்குப் போ. அப்படியே பழகிப்போனவன், ஒரே நட்டு இரண்டு பேரைப் பிடிக்கவேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் குனிந்து பார்க்கமாட்டான். செல்வராஜ் பார்க்கவில்லை. எனக்கு அது ஆச்சரியம் இல்லை. விசாரணை அறையில் அவன் சொன்னதும் சரியான இறுக்கத்தில்தான் இருந்தது. எனக்கு ஆச்சரியம் நீ. ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் உன் அறையிலிருந்து வீட்டுக்கு வந்து என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாய். வேலை எப்படிப் போகிறது என்று கேட்பேன். "நல்லா போகுதுப்பா" என்பாய். அதில் பொய் இல்லை. "மேல இருக்கிறவங்க எப்படி?" என்பேன். "என்னை நல்லா பாத்துக்குறாங்கப்பா." அதிலும் பொய் இல்லை. யோசித்துப் பார்த்தால் நூர் பாய் பெயரைச் சொன்னது ஒன்றுதான் நீ சொன்ன முழுப் பொய்; மற்றதெல்லாம் உண்மையின் ஒரு பக்கம். அந்த முழுப் பொய்யை மன்னித்துவிட்டேன், அது சீக்கிரம் பிடிபடுகிற வகை. மற்றதைத்தான் எப்படி மன்னிப்பது என்று தெரியவில்லை. அதை அவனிடம் கற்றுக்கொண்டாய் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் அவனிடம் போய்ச் சேருவதற்கு முன்பே, வாயில் பூந்தியோடு வந்தவன் நீ.

கல்யாணத்துக்குப் போகிற மகனுக்குத் தகப்பன் புத்தி சொல்லவேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். ரெஜினா கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிப் பழகாதே. அவள் கேட்கத் தெரியாததையும் நீயாகச் சொல். சண்டை வரும், வரட்டும். அவள் கேட்காததால் நீ சொல்லாமல் விட்டது எல்லாம் ஒரு நாள் அவள் கையில் கண்ணாடியாகவும் டார்ச்சாகவும் வரும். அன்றைக்கு நீ சொன்னதில் எதுவும் பொய் இல்லை என்று அவளிடம் நிரூபிக்கலாம். நிரூபித்துவிட்டுத் தனியாகச் சாப்பிடலாம்.

இனி நீ கேட்டதற்குப் பதில். கல்யாணத்துக்கு வருவேன். நான் வராமல் இருந்தால் அது உனக்குத் தண்டனை ஆகாது, செல்வராஜுக்கு வசதியாகிவிடும். சாட்சிக் கையெழுத்து யார் போடுவது என்பது உன் விருப்பம். அவன் போடட்டும், நான் எழுந்து போகமாட்டேன். ஆனால் அவனுக்குக் கை கொடுக்கமாட்டேன். படத்துக்கு அவன் பக்கத்தில் நிற்கமாட்டேன். போட்டோக்காரனிடம் முன்கூட்டியே சொல்லிவை, மேடையில் வைத்து என்னைத் தோளைப் பிடித்து நகர்த்த வேண்டாம். அவன் அழுதால் பார்க்காதது மாதிரி இருப்பேன். அவன் பேச வந்தால், விசாரணையில் சொல்லாமல் விட்ட மீதிப் பாதியை உன் மாமனார் வீட்டார் முன்னால் சொல்லச் சொல்லுவேன். சொன்னால் கேட்பேன். அதற்கு மேல் என்னால் இப்போது எதுவும் வாக்குக் கொடுக்க முடியாது.

வண்டி விஷயம் வேறு. இடத்தைக் கண்டுபிடித்தேனே தவிர, நான் அதைச் சரிசெய்யவில்லை. செய்யவும் போவதில்லை. நட்டுகளைக் கழற்றி, இரண்டு மேனிஃபோல்டையும் இறக்கி, கனம் கூடிய விளிம்பை அரத்தால் தேய்த்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மட்டம் பார்த்து, மறுபடி தேய்த்து, புது கேஸ்கட் போட்டு ஏற்றவேண்டும். ஒரு பகல் வேலை. அந்த வேலை உன்னுடையது. செல்வராஜை அனுப்பாதே, உன் யூனிட் பையன்களை அனுப்பாதே. நூர் பாயிடம் போய் அவர் பெயரைச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, நீ மட்டும் வா. நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். பேசுவேனா என்று தெரியாது. கேஜ் பதினெட்டைத் தொட்டால் வண்டி கோயிலுக்கு வரும், நானே ஓட்டுவேன், நீங்கள் இரண்டு பேரும் பின்சீட்டில் உட்காரலாம். நீ வராவிட்டால் நான் பஸ்ஸில் வந்து ஆசீர்வாதம் செய்துவிட்டுப் பஸ்ஸில் திரும்புவேன்.

வருவதாக இருந்தால் பழைய சட்டை போட்டுக்கொண்டு வா. மாப்பிள்ளை என்று உன்னைக் கையைக் கட்டிக்கொண்டு நிற்க விடமாட்டேன். வார்ப்பிரும்பைத் தேய்க்கிற கரி லேசில் போகாது. எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் நகக்கண்ணில் நாலைந்து நாள் நிற்கும். ரெஜினாவுக்கு மோதிரம் போடும்போது அது தெரியும். தெரியட்டும். கையெழுத்துப் போடப் பக்கத்தில் வந்து நிற்கிறவனும் அதைப் பார்க்கட்டும். யாரிடம் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறாய் என்று அவன் கேட்கமாட்டான். நீயாகச் சொல்.

அப்பா